ஏலத்தில் போகும் கல்நார்க் கூரை

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் தீக்கு இரையான பின்னர், தமிழகப் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகளை அகற்றும் பணி வேகம் பெற்றது. அந்த வேகத்தை யாரும் குறை கூற இயலாது. ஆனால், கீற்று இறங்கிய இடத்தில் எது ஏறியது என்ற கேள்வியை அன்று அதிகம் பேர் எழுப்பவில்லை. வசதியுள்ள நிர்வாகங்கள் காங்கிரீட் தளம் போட்டன. வசதியற்றவை, கீற்றைத் தாங்கிய அதே சுவர்களின் மேல் இரும்புக் குழாய்களைப் பொருத்தி, ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை வேய்ந்தன. நான் பணியாற்றிய மாவட்டத்தில் அவ்வாறு கூரை மாறிய பள்ளிகள் பலவற்றை நேரில் பார்த்திருக்கிறேன். எரியாது, விலை குறைவு, ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிடும் என்ற மூன்று தகுதிகள் அன்றைய அவசரத்துக்குப் போதுமானவையாக இருந்தன.

பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னர் இன்னோர் அவசரம் வந்தது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர்கள் மூவர் உயிரிழந்தனர். அதைத் தொடர்ந்து மாநிலமெங்கும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்கள் கணக்கெடுக்கப்பட்டு இடிக்கப்பட்டன. சுவர்களைப் பற்றி நாம் கவலைப்பட்டது நியாயமே. அச்சுவர்களின் மேல் கிடந்த தகடுகள் எவ்வாறு இறக்கப்பட்டன, பின்னர் எங்கே போயின என்பதைப் பற்றி எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆஸ்பெஸ்டாஸைத் தமிழில் கல்நார் என்பர். பொருத்தமான சொல். மண்ணுக்கடியில் கல்லாகக் கிடந்து, பிரித்தால் நாராகப் பிரியும் கனிமம் அது. கடைத்தெருவில் அதற்கு வேறு பெயர்: 'சிமென்ட் ஷீட்'. இப்பெயர் பொய்யன்று, தகட்டின் எடையில் பெரும்பகுதி சிமென்ட்தான். ஆனால், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கல்நார். 'எங்கள் பள்ளியில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை, சிமென்ட் ஷீட்தான்' என்று ஒரு தலைமையாசிரியர் என்னிடம் மனமறிந்து உண்மையாகவே கூறினார். அவர் தலைக்கு மேலே இருந்தது அதுதான்.

தகடு உடையாமல் இருக்கும் வரை, கல்நார் இழைகள் சிமென்டின் பிடிக்குள் பெரும்பாலும் அடங்கியே இருக்கின்றன. ஆகவே, கூரையைப் பார்த்த மாத்திரத்தில் பிள்ளைகளை வெளியே ஓடச் சொல்ல வேண்டியதில்லை. தகட்டை அறுக்கும்போதும், துளையிடும்போதும், உடைக்கும்போதும், உடைந்த துண்டுகளைத் துடைப்பத்தால் பெருக்கும்போதும்தான் இழைகள் காற்றில் கலக்கின்றன. தலைமுடியைவிடப் பன்மடங்கு மெல்லியவை அவை. கண்ணுக்குத் தெரியாது, மணமில்லை, தும்மலும் வராது. நுரையீரலின் அடியாழம் வரை சென்று தங்கிவிடும் சிலவற்றை உடல் கரைக்கவும் இயலாது, வெளித்தள்ளவும் இயலாது. நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சூழ்ந்த மெல்லுறையில் தோன்றும் மீசோதீலியோமா என்னும் கொடிய புற்று ஆகியவை இதன் விளைவுகள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, நம் கூரைத் தகடுகளில் உள்ள கிரைசோடைல் என்னும் வெள்ளைக் கல்நார் உட்பட, இதன் எல்லா வகைகளையும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்ற முதற்பிரிவில் வைத்திருக்கிறது.

இந்நோயின் தனித்தன்மை காலதாமதம். இழை உட்புகுந்து மீசோதீலியோமா வெளிப்படுவதற்கு முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆவது இயல்பு. தென்னாப்பிரிக்காவின் கல்நார்ச் சுரங்கப் பகுதியில் இந்நோய்க்கும் கல்நாருக்கும் உள்ள தொடர்பை வாக்னர் என்ற நோயியல் அறிஞரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1960-இல் வெளியிட்டபோது, நோயாளிகளில் சிலர் சுரங்கத்துக்குள் கால் வைத்ததே இல்லை; சிறுவயதில் அப்பகுதியில் வாழ்ந்தவர்கள். தொழிலாளியின் அழுக்குச் சட்டையை வீட்டில் துவைத்த மனைவிக்கு நோய் வந்த நிகழ்வுகளும் மருத்துவப் பதிவுகளில் உண்டு. ஐம்பது வயதில் இழையைச் சுவாசித்தவருக்கு நோய் வருமுன் ஆயுள் முடிந்துவிடலாம். பத்து வயதில் சுவாசித்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது. பள்ளிக்கூடத்தைத் தொழிற்சாலையைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு இந்தக் கூட்டல் கழித்தலே காரணம்.

வெள்ளைக் கல்நாரை சிமென்டுடன் கலந்து முறையாகப் பயன்படுத்தினால் ஆபத்தில்லை என்பது உற்பத்தியாளர்கள் நெடுங்காலமாகக் கூறிவரும் வாதம். ஆலைக்குள், ஈரமான கலவையாக, உறிஞ்சு குழாய்களுடன் இயங்கும் இயந்திரத்துக்கு அருகில் அவ்வாதத்துக்கு ஓரளவு பொருள் இருக்கலாம். ஆனால், தகடு வாழ்வது ஆலையில் இல்லை, மழையிலும் வெயிலிலும். இருபது முப்பது ஆண்டு மழையில் மேற்பரப்பின் சிமென்ட் அரிக்கப்பட்டு நார் தலைநீட்டுகிறது. கூரையின் விளிம்பில் சொட்டும் நீருக்குக் கீழே படிந்திருக்கும் சாம்பல் நிற வண்டலில் அந்நார் கலந்திருக்கிறது. மின்விசிறி மாட்டவும், மாடியிலிருந்து கம்பி இழுக்கவும், கண்காணிப்புக் கேமரா பொருத்தவும் எத்தனையோ கைகள் அத்தகட்டில் துளையிட்டிருக்கின்றன. கடைசியில் அது இடிக்கப்படும் நாளில் அங்கே எந்த உறிஞ்சு குழாயும் இல்லை. ஒரு பொருளின் பாதுகாப்பை அதன் பிறப்பில் மட்டும் அளந்து, இறப்பைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நேர்மையான கணக்காகாது.

அந்த இறப்பு எவ்வாறு நிகழ்கிறது என்பதைப் பார்ப்போம். பழுதடைந்த கட்டடம் ஒன்றை ஊராட்சி ஒன்றியம் இடிக்க முடிவு செய்தால், இடித்து அப்புறப்படுத்தும் உரிமை பொது ஏலத்தில் விடப்படுகிறது. கட்டடத்தில் மிஞ்சக்கூடிய மரம், இரும்பு, செங்கல், கதவு, சன்னல், கூரைத் தகடு ஆகியவற்றுக்குப் பொறியாளர் ஒரு மதிப்புப் போடுகிறார். அம்மதிப்புக்கு மேல் கேட்பவருக்கு ஏலம் உறுதி செய்யப்படுகிறது. குறித்த நாள்களுக்குள் அவர் இடத்தைக் காலி செய்து தர வேண்டும். அரசுக்குச் சிறு வருவாய். ஏலதாரருக்கு பழைய சாமான் விற்ற லாபம்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். அகற்றுவது செலவாக இல்லை, வரவாக இருக்கிறது. முழுதாக இறங்கும் தகடு விற்பனைச் சரக்கு. அதை மாட்டுக்கொட்டகைக்கும், கழிப்பறைக்கும், குடிசையின் முன்தாழ்வாரத்துக்கும் வாங்கிப் போக ஆள் இருக்கிறது. உடைந்த தகடு ஒன்றுக்கும் உதவாது. பள்ளம் நிரப்பவோ, ஏரிக்கரையில் கொட்டவோ போகிறது. ஆக, பள்ளியிலிருந்து அகற்றப்பட்ட கல்நார் அதே ஊரின் ஏழை வீடுகளுக்கு, அதே பிள்ளைகள் இரவில் உறங்கும் இடத்துக்கு, இன்னும் பழையதாக, இன்னும் துளைகளோடு போய்ச் சேர்கிறது. இதைப் பள்ளிப் பாதுகாப்பு என்று பதிவேட்டில் எழுதிக்கொள்கிறோம்.

ஏலதாரரைக் கயவராக நினைக்க வேண்டியதில்லை. பதினைந்து நாளில் இடத்தைக் காலி செய்ய வேண்டியவர், கூலி ஆள் நால்வரை மேலேற்றித் துருப்பிடித்த போல்ட்டுகளைச் சுத்தியலால் தட்டச் சொல்வார். போல்ட் கழல்வதற்குள் தகடு விரியும். விரிந்ததைக் கீழே வீசுவார்கள். நனைத்து, கழற்றி, கைமாற்றி இறக்கினால் மூன்று நாள். தட்டி வீசினால் அரை நாள். அந்த இரண்டரை நாள் கூலியை அவருக்கு யார் தருவது? பாதுகாப்பாகச் செய்ய நினைக்கும் ஏலதாரர் குறைவாகத்தான் கேட்க முடியும். குறைவாகக் கேட்டால் ஏலம் அவருக்குக் கிடைக்காது. நல்லவரை வெளியேற்றுவதற்கென்றே வடிவமைத்ததைப் போன்ற சந்தை இது.

தீங்கு முப்பத்தைந்து ஆண்டு கழித்து வருவதும் இதே திசையில்தான் வேலை செய்கிறது. எதிர்காலச் செலவை இன்றைய மதிப்புக்கு மாற்றத் திட்ட மதிப்பீடுகளில் தள்ளுபடி விகிதம் என ஒன்றைப் பயன்படுத்துவார்கள். ஆண்டுக்கு 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 35 ஆண்டுக்குப் பின் வரும் 100 ரூபாய் இழப்பின் இன்றைய மதிப்பு 7 ரூபாய்க்கும் குறைவு. 10 சதவீதம் என்றால் 4 ரூபாய்கூட இல்லை. வகுப்பறையில் இந்தக் கணக்கைப் பல்லாண்டுகள் போட்டுக் காட்டியிருக்கிறேன். பாலத்துக்கும் அணைக்கும் பொருந்தும் கணக்கு, ஒரு மாணவனின் நாற்பத்தைந்தாவது வயதுக்குப் பொருந்தாது. அவன் அப்போதும் முழு மனிதன். நூற்றுக்கு ஏழு பங்கு மனிதன் அல்லன்.

சட்டம் என்ன சொல்கிறது? சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. துண்டு துண்டாக இருக்கிறது. நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில் 1995 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் உடல்நலம் அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. கல்நார்த் தொழிலாளர்களின் மருத்துவப் பதிவேடுகளை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது பணி முடிந்தபின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என ஆணையிட்டது. நோயின் நீண்ட நிழலை நீதிமன்றம் அன்றே உணர்ந்திருந்தது. ஆனால், அப்பதிவேடு ஆலைத் தொழிலாளிக்கு. கூரை இடிக்கும் தினக்கூலிக்கும், அவர் இடித்துப்போன வளாகத்தில் ஜூன் மாதம் வந்து அமரும் பிள்ளைக்கும் பதிவேடு கிடையாது.

மத்திய அரசின் அபாயகரமான மற்றும் பிற கழிவுகள் விதிகள், 2016, தம் முதல் அட்டவணையில் 'கழித்துப் போடப்பட்ட கல்நார்' என்பதை அபாயக் கழிவாகக் குறிப்பிடுகின்றன. அத்தகைய கழிவை அனுப்புபவர், ஏழு படிகள் கொண்ட படிவத்துடன், அனுமதி பெற்ற கிடங்குக்குத்தான் அனுப்ப வேண்டும். நல்ல விதி. சிக்கல், அந்த இனம் இடம்பெற்றிருக்கும் தலைப்பில் இருக்கிறது. கல்நார் அல்லது கல்நார்ப் பொருள்களின் உற்பத்தி என்பது அத்தலைப்பு. ஆலையின் கொல்லையில் உடைந்து கிடக்கும் தகடு அபாயக் கழிவு. அதே தகடு பள்ளியின் கொல்லையில் உடைந்து கிடந்தால் வெறும் இடிபாடு என்று ஒருவர் வாதிட அங்கே இடமிருக்கிறது. இந்த ஐயத்தை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு சுற்றறிக்கையால் தீர்த்து வைக்கலாம். பள்ளி, அங்கன்வாடி, சத்துணவுக் கூடம், மருத்துவமனை ஆகியவற்றிலிருந்து இறங்கும் கல்நார்த் தகடு அபாயக் கழிவாகவே கருதப்படும் என்ற ஒற்றை வாக்கியம் போதும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் கல்நார்க் கழிவை அகற்றுவது குறித்து ஐ.எஸ். 11768 என்ற வழிகாட்டு நெறியை 1986-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருக்கிறது. அதே ஆண்டில் உலகத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 162-ஆவது உடன்படிக்கையின் 17-ஆவது பிரிவு, கல்நார் உள்ள கட்டடத்தை இடிக்கும் பணியைத் தகுதி பெற்றவரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும், பணி தொடங்குமுன் எழுத்தில் திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை. இன்னொரு முரண்பாடும் உண்டு. உள்நாட்டில் கல்நார்ச் சுரங்கக் குத்தகைகளை நிறுத்தி மூன்று பத்தாண்டுகள் ஆகின்றன. ஆனால், ரஷ்யா முதலிய நாடுகளிலிருந்து ஆண்டுதோறும் சில லட்சம் டன் இறக்குமதி செய்கிறோம். நம் தொழிலாளி தோண்டக் கூடாது. அறுக்கலாம், வேயலாம், உடைக்கலாம்.

பள்ளிகளின் பக்கம் வந்தால், கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று என நான்கு காகிதங்களுக்காக நிர்வாகிகள் அலைவதை எல்லோரும் அறிவோம். நான் பார்த்த அச்சான்றுகள் எதிலும் கல்நார் என்ற சொல்லைக் கண்டதில்லை. தீப்பிடிக்காத கூரையா என்ற கேள்விக்கு ஆஸ்பெஸ்டாஸ் என்பது சரியான விடையாகிவிடுகிறது.

முறையாக அகற்றுவது விண்வெளி விஞ்ஞானமன்று. கல்நார் சிமென்ட் தகடு, நொறுங்கும் தன்மையுள்ள கல்நார்ப் பூச்சைப் போன்றதல்ல; பொறுமையும் தண்ணீரும் இருந்தால் ஆபத்தின் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம். முதல் விதி, பிள்ளைகள் இல்லாத காலம். மே மாத விடுமுறையின் தொடக்கமே தகுந்தது. பள்ளி திறக்க நான்கு நாள் இருக்கையில் தொடங்கக் கூடாது. வேலைக்கு முன்பே வகுப்பறையிலிருந்து மேசை, நாற்காலி, புத்தகம், வரைபடம் எல்லாவற்றையும் வெளியேற்றிவிட வேண்டும்; அக்கம்பக்கத்து அறைகளின் சன்னல்களை மூட வேண்டும். கூரைக்குக் கீழேயும் சுற்றிலும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்ப வேண்டும். வளாகத்தைக் கயிறு கட்டி அடைத்து, அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும்.

அடுத்து, நனைத்தல். உழவர்கள் முதுகில் மாட்டிக்கொள்ளும் கைத்தெளிப்பானே இதற்குப் போதும். மருந்து தெளிக்காத புதிய தெளிப்பானாக இருக்கட்டும். தண்ணீரில் சிறிது சோப்புக் கரைசல் கலந்தால் நீர் வழிந்தோடாமல் தகட்டில் ஊறும். பலர் செய்வதைப் போல மோட்டார் வைத்து வேகமாகப் பீய்ச்சி அடிக்கக் கூடாது. அது மேற்பரப்பின் நாரை அரித்துத் தள்ளிவிடும். பாசி படிந்த தகட்டைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும் அதே தவறு.

கழற்றும்போது போல்ட்டுகளைத் திருகி எடுக்க வேண்டும். துருவேறித் திருக வராதவற்றின் தலையைக் கத்தரிப்பானால் வெட்டலாம். தகட்டை அறுக்கவோ, மின்கருவியால் தொடவோ கூடாது. மூன்று மீட்டர் நீளத் தகடு ஒன்று 40 கிலோவை ஒட்டிய எடை கொண்டது. இரண்டு பேர் பிடித்து, சாரத்தின் மீது நிற்கும் இருவரிடம் கைமாற்றி, முழுதாக இறக்க வேண்டும். வேலையாள் தகட்டின் மீது நேராகக் காலூன்றக் கூடாது. கல்நார் நாற்பது ஆண்டு கழித்துக் கொல்லும். மக்கிய தகடு உடைந்து உள்ளே விழுவது அந்த நிமிடமே கொல்லும். குறுக்கே பலகை போட்டு அதன் மேல்தான் நிற்க வேண்டும், இடுப்பில் பாதுகாப்புக் கயிறும் வேண்டும். நம் ஊர்க் கட்டடத் தொழிலாளர் குடும்பங்களைக் கேட்டால், இப்படி விழுந்தவர் ஒருவரையாவது அறிந்திருப்பார்கள்.

துணியால் மூக்கைக் கட்டுவதும், கொரோனா காலத்தில் மிஞ்சிய மெல்லிய நீல முகக்கவசமும் இதற்கு உதவா. முகத்தோடு இறுகப் பொருந்தும், நுண்துகளைத் தடுக்கும் தரமான வடிகட்டிக் கவசம் தேவை. ஒருமுறை உடுத்திக் கழிக்கும் மேலங்கி தேவை. மாலையில் அந்த அங்கியை நனைத்து, கழற்றிப் பையில் கட்டிவிட்டு, கைகால் முகம் கழுவிய பின்னரே தொழிலாளி வீட்டுக்குப் போக வேண்டும். கோடை வெயிலில் இது துன்பம்தான். ஆகவே, காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணியோடு நிறுத்திவிடும் வேலைநேரம் வேண்டும். அதற்கேற்ப நாள்களையும் கூலியையும் மதிப்பீட்டில் கூட்டிக்கொள்ள வேண்டும்.

தகடுகள் இறங்கியபின் துடைப்பம் அந்தப் பக்கம் வரவே கூடாது. ஈரத்துணியால் துடைத்து, துணியையும் கழிவோடு கட்ட வேண்டும். விளிம்புக்குக் கீழே நீர் சொட்டிய தடத்தில் உள்ள மண்ணை நனைத்து மேலாக வழித்தெடுப்பது நல்லது. பிள்ளைகள் பம்பரம் விடும் இடம் அதுதான். தகடுகளைத் தடித்த பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒட்டி, 'கல்நார்: ஆபத்து, உடைக்காதீர்' என்று தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் ஒட்டப்பட்ட எச்சரிக்கையை லாரியிலிருந்து இறக்குபவர் படிக்க மாட்டார்.

பின்னர் அவை எங்கே போகும்? அபாயக் கழிவுகளைப் பாதுகாப்பாகப் புதைப்பதற்கான கிடங்கு கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் இருக்கிறது. நாகர்கோவிலை அடுத்த ஒரு தொடக்கப் பள்ளி, இரண்டு அறைக் கூரையை அங்கே அனுப்ப வேண்டுமானால், லாரி வாடகை கூரையின் விலையைத் தாண்டிவிடும். ஒற்றை வகுப்பறையின் கூரை ஏறக்குறைய முக்கால் டன் இருக்கும். அதற்காகத் தனி லாரியை யாரும் அனுப்ப மாட்டார்கள். ஆனால், ஒரு கோடையில் ஒரு மாவட்டத்தில் இறங்கும் தகடுகள் அனைத்தையும் பூட்டிய ஒரே இடத்தில் சேர்த்து மொத்தமாக அனுப்பினால், பள்ளிக்கு விழும் பங்கு சில ஆயிரங்களாகக் குறைந்துவிடும். தனித்தனியாகச் செய்தால் கட்டுப்படியாகாதது, கூடிச் செய்தால் கட்டுப்படியாகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடநூல் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. இந்தச் சேர்ப்பு வேலையைப் பள்ளி செய்ய முடியாது. மாவட்ட நிர்வாகம்தான் செய்ய முடியும்.

எல்லாக் கூரைகளையும் நாளையே இறக்கு என்றும் நான் சொல்லவில்லை. அவசரமாக, மலிவாக இறக்கப்படும் நல்ல தகடு, இறக்கப்படாமல் இருக்கும் நல்ல தகட்டைவிட ஆபத்தானது. விரிசலும் உதிர்வும் உள்ளவை முதலில். உறுதியாக இருப்பவை கண்காணிப்பில். அமெரிக்கா 1986-இல் பள்ளிகளுக்கென்றே இயற்றிய கல்நார்ச் சட்டம் இந்த வரிசையைத்தான் பின்பற்றுகிறது. எங்கே கல்நார் இருக்கிறது என்று பயிற்சி பெற்றவர் ஆய்ந்து எழுதிய திட்டம் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும். பெற்றோர் கேட்டால் காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கொரு முறை பார்வை, மூன்றாண்டுக்கொரு முறை மறு ஆய்வு. அங்கும் காகிதம் ஏமாற்றியதுண்டு. நியூயார்க் நகரப் பள்ளிகளில் செய்யப்பட்ட ஆய்வுகள் நம்பத்தக்கவையல்ல என்பது 1993-இல் தெரியவந்தபோது, சுமார் பத்து லட்சம் மாணவர்களுக்குப் பள்ளி திறப்பு 11 நாள் தள்ளிப்போனது. நம் நாட்டில் சான்றிதழ் எவ்வளவு எளிதாகக் கிடைக்கும் என்பதை அறிந்தவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அண்டை மாநிலமான கேரளத்தில் மாநில மனித உரிமை ஆணையம் 2009-இல் தெளிவான பரிந்துரை ஒன்றைச் செய்தது: அரசுப் பள்ளிகளின் கல்நார்க் கூரைகளைப் படிப்படியாக மாற்றி ஓடு வேய வேண்டும், தனியார் பள்ளிகளுக்குக் காலக்கெடு விதிக்க வேண்டும், இனிப் புதிய பள்ளி எதையும் கல்நார்க் கூரையின் கீழ்த் தொடங்க அனுமதிக்கக் கூடாது. மூன்றாவது பரிந்துரைக்குச் செலவே கிடையாது. தமிழகம் அதை நாளையே ஏற்கலாம். முழுத் தடையின் கதை கடினமானது. இலங்கை 2018 முதல் கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்த முடிவு செய்திருந்த வேளையில், 2017 டிசம்பரில், தேயிலைச் சரக்கில் வண்டு இருந்ததாகக் கூறி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. சில நாள்களில் இலங்கை கல்நார்க் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது. தேயிலை மீண்டும் கப்பலேறியது. மலையகத் தமிழர் கிள்ளும் கொழுந்தும் கல்நார் வணிகமும் ஒரே தராசில் ஏறிய அந்த நிகழ்வு, இறக்குமதித் தடைக்காகக் காத்திருந்தால் எவ்வளவு காலம் காத்திருக்க நேரும் என்பதைக் காட்டுகிறது. பள்ளிக் கூரைக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. அது டெல்லியின் கையிலோ மாஸ்கோவின் கையிலோ இல்லை.

தேவைப்படும் மாற்றம் கணக்கில்தான். கல்நார்த் தகட்டை ஏலப் பொருளாக மதிப்பிடுவதை நிறுத்த வேண்டும். அதன் மதிப்பு சுழியம், விற்பனைக்குத் தடை. கட்டடத்தை ஏலம் விடுமுன், தகடுகளை இறக்கும் பணியைத் தனி ஒப்பந்தமாக்கி, நனைத்தல், கவசம், விரிப்பு, உறை, போக்குவரத்து எல்லாவற்றையும் பொதுப்பணித் துறையின் விலை விகிதப் பட்டியலில் தனி இனமாகச் சேர்க்க வேண்டும். பட்டியலில் இல்லாத வேலைக்குப் பொறியாளர் பணம் ஒதுக்க முடியாது. ஒதுக்கினால் தணிக்கையில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் புதிய வகுப்பறைகளுக்கு நிதி ஒதுக்கும்போதே பழைய கூரைக்கான இத்தொகையையும் இணைத்துவிட்டால் தனி நிதி தேடி அலைய வேண்டியதில்லை.

எங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவன் என்ற முறையில் நானும் இருக்கிறேன். வரும் கோடையில் அங்கே ஒரு பழைய வகுப்பறையும் சத்துணவுக் கூடமும் இடிபடவுள்ளன. இரண்டுக்கும் கல்நார்க் கூரைதான். ஏல அறிவிப்பு இன்னும் வெளியாகவில்லை. பொருள்களின் பட்டியலிலிருந்து கூரைத் தகடுகளை நீக்க வேண்டும், இறக்கும் பணியை மே மாதத்தின் முதல் பத்து நாள்களுக்குள் தனியாகச் செய்ய வேண்டும், இறக்கியவை எங்கே ஒப்படைக்கப்பட்டன என்ற ரசீதின் நகலைப் பள்ளித் தகவல் பலகையில் ஒட்ட வேண்டும் என்று குழுவின் தீர்மானத்தை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுத்திருக்கிறோம். முன்மாதிரி ஆணை ஏதேனும் இருக்கிறதா என்று அவர் கேட்டார். தங்கள் பள்ளியில் அப்படி ஒன்றைப் பெற்றவர்கள் இருந்தால், அதன் எண்ணையும் நாளையும் இந்நாளிதழுக்கு எழுதியனுப்பினால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.